ஒழுங்கையைப் பங்கு போட்ட கதை

1

கோலாலம்பூரில் எங்கள் மெஸ்ஸுக்கு முன்னாலுள்ள றோட்டை நேற்றுக் கிண்டிப் புதிதாகப் போட்டார்கள். காலையில் நான் கந்தோருக்குப் போகும்போது கல் கொட்டிக் கிடந்தது. பின்னேரம் திரும்பி வந்தபோது தார் காய்ந்துகொண்டிருந்தது. இடையில் ஒரு வீட்டுக்காரனும் வெளியே வந்து, "என்ரை வாசலை விட அவன்ரை வாசல் உயரமோ?" என்று கேட்கவில்லை. முன்கடைச் சீனர் தலையைக்கூட நீட்டிப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. றோட்டோரத்தில் தனியே நின்று சிரிக்கிற என்னைப் பார்த்து உருளை ஓட்டியவன் கொஞ்சம் விலகியே ஓட்டினான்.

இன்றைக்கு என் அக்காவின் மகனுக்கு ஒரு வயது. அவன் பிறந்ததற்கும் றோட்டுக்கும் என்ன தொடர்பு என்பது எங்கள் ஒழுங்கைக்காரருக்குத் தெரியும். ஊரில் மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். கந்தோர் டைப் மெஷினுக்குத் தமிழ் தெரியாது. ஆகையால் கையால், ஆனால் அதே வேகத்தில். பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்திக்கொள்ளட்டும். அவர்களுக்கும் வேலை வேண்டுமே.

2

யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழையிலிருந்து கீரிமலைக்குப் போகும் பெரிய றோட்டைக் குறை சொல்ல முடியாது. ஆடி அமாவாசைக்கு வரும் சனத்துக்காக அதைக் கவனிக்கிறார்கள். அதிலிருந்து பிரிகிற சின்ன ஒழுங்கைகளைத்தான் கவனிக்க ஆளில்லை. எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி. முடிவில் ஒரு புகையிலைத் தோட்டம், அதற்கப்பால் வழியில்லை. கோடையில் வெள்ளை வேட்டி சிவப்பாகும். மாரியில் வேலிக்கு வேலி தண்ணீர். தண்ணீருக்கு அடியில் குழி எங்கே இருக்கிறது என்பது விழுந்தவனுக்குத்தான் தெரியும்.

நான் மலாயாவுக்குக் கப்பல் ஏறிய அடுத்த மாரியில் அக்காவுக்கு முதற்பிரசவம். நோவு வந்தவுடன் மாட்டு வண்டிலைப் பிடித்து வந்தார்கள். அக்காவை ஏற்றி வாசல் படலையைத் தாண்டவில்லை, சில்லு குழிக்குள் இறங்கிவிட்டது. மாட்டை அவிழ்த்தார்கள், தள்ளினார்கள், பலகை வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் அக்காவை ஒரு கதிரையில் இருத்தி, அத்தானும் அயலட்டையில் மூன்று பேருமாக முழங்கால் தண்ணீரில் பெரிய றோட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது காலம் பிந்திவிட்டது. "பிள்ளை தக்கேல்லை" என்று அம்மா எழுதினார். அந்தக் கடிதத்தில் வேறு ஒரு வரியும் இல்லை.

போன வருடம் சித்திரையில் அக்கா தானே எழுதினார்.

"தம்பி, கார்த்திகையிலை எனக்குப் பிள்ளை கிடைக்கும் எண்டு சொல்லுகினம். நீ யோசியாதை. எனக்கு நோவுக்குப் பயமில்லை. இந்த ஒழுங்கைக்குத்தான் பயம்."

கல்லூரியில் படித்து, வெள்ளைக்காரத் துரைக்குக் கீழே றோட்டுக் கந்தோரில் கிளாக்கராக இருந்து, நாள் முழுக்க றோட்டு மதிப்பீடுகளை டைப் அடித்துத் தள்ளுகிற எனக்கு ஒரு முட்டு ஒழுங்கை எம்மாத்திரம்? அப்படித்தான் நினைத்தேன். மாரிக்கு முன் றோட்டு. அவ்வளவுதான் விஷயம்.

3

முதலில் ஊர்ச் சங்கத்துக்கு எழுதினேன். சுத்தமான இங்கிலீசில், இரண்டு விரல் இடைவெளி விட்டு, துரைக்கு அடிப்பதைவிட அழகாக அடித்து அனுப்பினேன். நீளம், அகலம், கல், கூலி எல்லாம் போட்டேன். கந்தோர் வழக்கப்படி அடியில் 'எதிர்பாராத செலவு' என்று ஒரு வரியும் போட்டேன்.

சங்கத்திலிருந்து பதில் வந்தது. அந்த ஒழுங்கை தங்கள் றோட்டு இடாப்பில் பதியப்படவில்லை, ஆகையால் திருத்த முடியாது. அப்படியானால் இடாப்பில் சேர்த்துவிடுங்கள் என்று எழுதினேன். திருத்தமான ஒழுங்கைகளை மட்டுமே சேர்ப்பது வழக்கம் என்று பதில் வந்தது. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் துரையிடம் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. எங்கள் ஊர் மானத்தை எங்களுக்குள்ளேயே வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

அடுத்த திட்டம் காசு. ரப்பர் விலை விழுந்த காலம், ஒருவன் கையிலும் தாராளம் இல்லை. இருந்தாலும் எங்கள் ஒழுங்கையின் ஏழு வீட்டுக்கும் மலாயாவில் ஆட்கள் இருக்கிறார்கள். மகன், மருமகன், இல்லாவிட்டால் தம்பி. என் எதிர்வீட்டுச் சபாபதி என்னோடேயே மெஸ்ஸில், என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவன். சிரம்பான், ஈப்போ என்று மற்றவர்களையும் கடிதம் போட்டுப் பிடித்தேன். எல்லாரும் ஓம் என்றார்கள்.

இங்கேதான் நாங்கள் எங்கள் புத்தியைக் காட்டினோம். பொதுவில் ஒருவரிடம் அனுப்பினால் அவர் பெரிய ஆளாகிவிடுவாரே! ஆகையால் ஆளாளுக்குத் தன் தன் வீட்டுக்கு அனுப்புவது, அந்தந்த வீட்டார் தங்கள் படலைக்கு முன்னால் ஒழுங்கையின் தங்கள் பக்கப் பாதியைப் போட்டுக்கொள்வது என்று முடிவு. எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். நானே முன்மொழிந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

4

திட்டம் என்னுடையது என்பதால் நான்தான் முதலில் காசு அனுப்பினேன். அம்மாவும் அத்தானும் முதலில் வேலையை முடித்தார்கள். மக்கிக்கல் பரப்பி, மேலே சல்லி போட்டு, பனங்குற்றியால் இடித்து, எங்கள் பாதி ஒரு சாண் உயர்ந்து வடிவாக இருந்ததாம்.

எதிர்வீட்டில் சபாபதியின் தாய் செல்லாச்சி மாமி படலையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அடுத்த கிழமை தன் பாதியைப் போட்டார். எங்கள் பாதியைவிட நாலு விரல் உயரம். "மழைத் தண்ணி என்ரை பக்கம் வரப்படாது, அவ்வளவுதான்" என்றாராம். அதைப் பார்த்த அடுத்த வீட்டார் மாமியைவிடக் கொஞ்சம் உயரம். அதற்கடுத்தவர் அதைவிட உயரம். ஏழாவது வீட்டார் போட்டது றோட்டா அணைக்கட்டா என்று தெரியவில்லை என அத்தான் எழுதினார்.

ஆவணியில் ஒருநாள், பருவம் தப்பி, ஒரு மழை. ஒரு மணித்தியாலம் பெய்திருக்காது. ஏழு வீட்டுத் தண்ணீரும் அடக்கமாக நடந்து வந்து எங்கள் படலைக்கு முன்னால் கூடியது. முந்தியெல்லாம் ஒழுங்கை முழுக்கக் கிடந்த தண்ணீர், இப்போது எங்கள் காசில் கட்டிய தொட்டிக்குள். அதற்கு மேலே, ஒழுங்கையின் ஒரு பாதி உயரம் மறு பாதி பள்ளம் என்பதால், விறகேற்றி வந்த வண்டில் ஒன்று எங்கள் பக்கம் சரிந்து குடை சாய்ந்து கிடந்தது.

அக்கா எழுதியது இவ்வளவுதான்: "முந்தி வண்டில் புதைஞ்சுது. இப்ப பிரளுது. உன்ரை கந்தோரிலையும் இப்பிடித்தான் றோட்டுப் போடுறவையோ?"

எதிர்பாராத செலவு என்று ஒரு வரி போட்டேனே, அதில் செல்லாச்சி மாமியைச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

5

அன்று பின்னேரம் மெஸ்ஸில் சபாபதியைப் பிடித்தேன்.

"உன்ரை கொம்மாவுக்கு நாலு விரல் உயரம் ஏனடா?"

"உன்ரை கொம்மாவை ஆர் முந்தச் சொன்னது? கடைசியாப் போட்டிருந்தா நீங்கள்தான் உயரம்."

"என்ரை அக்காவுக்குக் கார்த்திகையிலை பிள்ளைப்பேறு. தெரியுமெல்லே?"

"தெரியும். போன முறை கதிரை தூக்கினதிலை என்ரை ஐயாவும் ஒராள். அது உனக்குத் தெரியுமோ?"

தெரியாது. எனக்கு ஒருவரும் எழுதவில்லை. ஆனால் கோபத்தில் இருக்கிறவனுக்கு நல்ல செய்தி சொன்னால் இன்னும் கோபம்தான் வரும். நான் கத்தினேன், அவன் கத்தினான். அதற்குப் பிறகு பேச்சில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே சோற்றுப் பானை, ஆனால் உப்பு வேண்டுமென்றால் மூன்றாவது ஆளிடம் சொல்லி வாங்குவோம். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் தாய்மாரும் இதே நிலைமையில் இருந்தார்கள். அவர்களுக்கு இடையில் ஒழுங்கையாவது இருந்தது.

பக்கத்து வீட்டுத் தலைமைக் கிளாக்கரின் மகளுக்குப் பத்து வயது. இங்கேயே பிறந்தவள், வேலைக்காரியோடு மலாயும் தகப்பனோடு இங்கிலீசும் பேசுவாள், தமிழ் தாயிடம் அடி வாங்கும்போது மட்டும். நாங்கள் ஏன் பேசுவதில்லை என்று இங்கிலீசில் கேட்டாள். ஒழுங்கை என்றால் என்ன, வேலி என்றால் என்ன, நாலு விரல் உயரம் என்றால் என்ன என்று முழுவதும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க எல்லாரும் வேற றோட்டுக்கு வீடு மாறலாமே?" என்றாள்.

வீடு மாறுவதாம்! சீதன வளவை விட்டு, கிணற்றை விட்டு! அந்தப் பிள்ளைக்கு ஏழு பரம்பரைக்கும் ஒழுங்கைச் சண்டை வராது. அதற்காகச் சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

6

சம்பளம் வந்த முதல் ஞாயிறு எங்கள் பகுதி யாழ்ப்பாணத்தார் சேர்ந்து ஒரு கிடாய் வாங்கிப் பங்கு போடுவது வழக்கம். ஊரில் எப்படியோ அப்படித்தான். இறைச்சியை வெட்டி, வாழையிலையில் கூறு கூறாக வைப்பது. ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். மற்றவன் ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பான். திரும்பிப் பார்க்காமல் அவன் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்க்காரனுக்கு அந்தக் கூறு. ஒருவரும் வாய் திறக்க முடியாது.

அந்த மாதம் கூறு வைக்கும் முறை என்னுடையது. முதுகு காட்டும் முறை, கஷ்டகாலம், சபாபதியுடையது. மெஸ்ஸே சிரித்தது.

"இது ஆருக்கு?" என்றேன், சுவரைப் பார்த்து.

"பெரியவருக்கு."

"இது?"

"முன் கட்டில் அண்ணைக்கு."

"இது?"

பெருவிரலால் பின்பக்கம் என்னைக் காட்டி, "உவனுக்கு" என்றான்.

என் கூறைப் பார்த்தேன். ஈரல் இருந்தது. எல்லாக் கூறிலும் ஈரல் இருந்தது. கால் மணித்தியாலமாக ஒவ்வொரு கூறையும் தூக்கி வைத்துப் பார்த்து, எலும்பை மாற்றி, கொழுப்பை மாற்றி, தங்கம் நிறுப்பதுபோலச் சமமாக வைத்திருந்தேன். நல்ல மனத்தாலா? என் மனம் எனக்குத் தெரியாதா? எது எனக்கு வரும் என்று தெரியாததால்!

"டேய் சபா!" என்று கத்திவிட்டேன். "நான் ஏன் எல்லாக் கூறிலையும் ஈரல் வைச்சனான்?"

பேச்சில்லாதவன் பேசியதில் அவன் திடுக்கிட்டான். "உனக்கு எது வரும் எண்டு தெரியாதபடியாலை."

"அப்ப றோட்டையும் உப்பிடிப் பங்கு போட்டால்?"

அவன் முழுசாகத் திரும்பிவிட்டான்.

"திரும்பாதையடா!" என்று மெஸ் முழுக்கக் கத்தியது. "இன்னும் மூண்டு கூறு கிடக்கு!"

திரும்பியபடியே நின்றான். மூன்று கூறையும் திரும்பவும் கலந்து வைக்க வேண்டியதாயிற்று. அதற்கு எல்லாரிடமும் வசை வாங்கினோம், இரண்டு பேருமாக.

7

காசு முடிந்திருந்தது. ஆனால் கல்லும் மக்கியும் அங்கேயேதான் கிடந்தன. உயர்ந்ததை உடைத்துப் பள்ளத்தில் பரப்பினால் போதும். முதலில் ஏழு வீட்டாரும் கூடி ஒரே மட்டத்துக்கு நூல் கட்டுவது. பிறகு ஒழுங்கையை அகலம் முழுவதுமாக ஏழு துண்டாகப் பிரிப்பது. கடைசியில் முதுகு காட்டிப் பெயர் சொல்லி, யார் வீட்டாருக்கு எந்தத் துண்டு விழுகிறதோ அதை அவர்கள் இடித்துச் செய்வது. தன் வாசல் தன் கையில் இல்லாதபோது யாருக்கு உயர்த்த மனம் வரும்? சபாபதியும் நானும் ஒரே கடிதத்தில் எழுதி, மலாயாவிலுள்ள ஏழு வீட்டு ஆட்களிடமும் கையெழுத்து வாங்கி, ஏழு பிரதி அனுப்பினோம்.

ஆறு வீட்டார் சரி என்றார்கள். செல்லாச்சி மாமி மாட்டேன் என்றார்.

"என்ரை பிள்ளை ராப்பகலா உழைச்ச காசு. நான் உடைக்க விடன். கையெழுத்து வைச்சவன் வந்து உடைக்கட்டும்!"

புரட்டாதி பிறந்துவிட்டது. மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. நான் இங்கே கந்தோரில் ஈப்போ றோட்டு மதிப்பீட்டில் ஒரு பூச்சியத்தைக் கூட்டிப் போட்டுத் துரையிடம் ஏச்சு வாங்கினேன். கப்பல் தபால் வரும் நாளெல்லாம் சபாபதி என் முகத்தைப் பார்க்கமாட்டான். தாய்க்குத் தனியே இரண்டு கடிதம் போட்டான். பதில் இல்லை.

பிறகு நடந்ததை அம்மா எழுதினார். ஒருநாள் காலமை அக்கா ஒருவருக்கும் சொல்லாமல் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து மாமியின் படலையில் போய் நின்றார். மாமி சண்டைக்குத் தயாராக வந்தார்.

"என்ன பிள்ளை, கொம்மா அனுப்பினவவோ?"

"இல்லை மாமி. நானாத்தான் வந்தனான். ஒரு உதவி."

"உடைக்கிற கதை எண்டா கதையாதை."

"ஐயோ, உடைக்க வேண்டாம். அது வடிவாக் கிடக்கட்டும். எனக்கு நோவு வந்தால் எங்கடை பக்கத்தாலை வெளிக்கிட ஏலாது, தண்ணி நிக்கும். உங்கடை பக்கந்தானே உயரம். அப்ப நான் உங்கடை வளவுக்குள்ளை வந்து படுக்கிறன். வண்டில் வந்தால் வரட்டும், வராட்டி உங்கடை வீட்டிலையே பிள்ளையைப் பெறுறன். ஐப்பசி கடைசியிலையிருந்து படலையைப் பூட்டாமல் வையுங்கோ. அதைத்தான் கேக்க வந்தனான்."

மாமி அக்காவின் வயிற்றையும் ஒழுங்கையையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

"எடியே, வெறும் வயித்தோடையோ வந்தனீ?" என்று கடைசியில் கேட்டு, உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பிட்டுக் கொடுத்தார். அடுத்தநாள் காலமை மாமியின் படலையில் கல் உடைக்கும் அலவாங்குச் சத்தம் கேட்டது. தன் பாதியைத் தானே உடைக்கிறார்! "மற்றவை தொட்டால் கல்லைக் களவெடுப்பினம்" என்பது அவர் சொன்ன காரணம்.

8

பங்கு போட்ட ஞாயிற்றுக்கிழமை அத்தான் பூவரச மரத்தைப் பார்த்து முதுகு காட்டி நின்றார். அம்மா ஒரு தடியோடு நடந்தார். "இது ஆருக்கு?" "இது ஆருக்கு?"

எங்கள் படலைக்கு முன்னாலுள்ள துண்டு விழுந்தது மாமிக்கு; எதிர்வீடென்றாலும் அவர் படலை ஒரு துண்டு தள்ளித்தான். சுத்தமான தற்செயல். அத்தான் கோயிலில் சத்தியம் செய்யவும் தயார். நான் நம்புகிறேன், ஏனென்றால் அத்தானுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. எங்கள் வீட்டாருக்கு விழுந்தது ஏழாவது வீட்டாரின் அணைக்கட்டு. அதை உடைத்து உடைத்து அத்தானின் கை கொப்புளித்துவிட்டது.

தன் படலையில் வேலை செய்கிறவனுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் இருக்க எங்கள் பக்கத்தில் எந்த வீட்டாராலும் முடியாது, எதிரியாக இருந்தாலும். அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனார்.

"சீனி போதுமோ மச்சாள்?"

"உம்மடை கையாலை சீனி எப்ப போதியிருக்கு?"

"அப்ப குடியாமல் வையும்."

"வைச்சால் நான் குடிக்கேல்லை எண்டு ஊரெல்லாம் சொல்லுவீர். தாரும்."

இப்படி ஆரம்பித்துப் பின்னேரம் வரைக்கும் கதைத்தார்களாம். மாமி எங்கள் படலைத் துண்டை ஏழு துண்டிலும் உறுதியாக இடித்தார். அடியில் இரட்டை வரிசைக் கல். சபாபதியின் ஐயாவைக் கொண்டு மூன்றுதரம் குற்றி போடுவித்தார். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். "பிறகு சில்லுப் புதைஞ்சால், செல்லாச்சி போட்ட துண்டிலைதான் புதைஞ்சது எண்டு சொல்லுவினம். நான் அந்தப் பேர் கேக்கமாட்டன்" என்றார். முந்தி நாலு விரல் உயர்த்தியதும் இதே ரோஷம்தான். இப்போது அந்த ரோஷம் எங்கள் பக்கம் வேலை செய்தது.

ஐப்பசியில் மழை இறங்கியது. தண்ணீர் ஒழுங்கையின் இரண்டு கரையாலும் ஓடிப் புகையிலைத் தோட்டத்துக்குள் போனது. தோட்டக்காரர் மட்டும் கொஞ்சம் ஏசினார்.

9

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை தந்தி கந்தோருக்கு வந்தது. மேசையில் வைத்துவிட்டுப் பியோன் போய்விட்டான். நான் தொடவில்லை. தந்தி என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தானே. மற்றக் கந்தோரிலிருந்து சபாபதி ஓடி வந்தான். யார் சொன்னார்களோ தெரியாது. அவனே கிழித்தான், அவனே வாசித்தான்.

"மகன். இருவரும் சுகம்."

"திரும்ப வாசி" என்றேன். வாசித்தான். "இன்னொருக்கால்." வாசித்தான். நாலாவது தரம் கேட்டதும் காகிதத்தை என் முகத்தில் எறிந்துவிட்டு, "உனக்கு இங்கிலீசு தெரியுந்தானே, நீயே வாசியடா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். துரை கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். நான் அன்றைக்கு ஒரு பிழையும் இல்லாமல் டைப் அடித்தேன்.

முழு விபரம் பிறகு அத்தானின் கடிதத்தில் வந்தது. காலமை நல்ல மழை. நோவு தொடங்கிவிட்டது. அத்தான் சந்திக்கு ஓடி வாடகைக் காரைப் பிடித்தார். அந்தச் சாரதி எங்கள் ஒழுங்கைக்குள் ஒருநாளும் வராதவன். பெரிய றோட்டில் நிறுத்தி, இறங்கி, காலால் கல்லை மிதித்து மிதித்துப் பார்த்தானாம். பிறகு ஏறினான். முட்டு ஒழுங்கை, உள்ளே போனால் திருப்ப முடியாது. ஆகவே பின்பக்கமாகவே ஓட்டினான், ஏழு வீட்டாரும் படலைக்கு வந்து நின்று பார்க்க, பெரிய றோட்டிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும். கார் எங்கள் படலையில், மாமி போட்ட துண்டில், ஒரு விரல்கூடச் சரியாமல் நின்றது.

அக்காவைத் தூக்க அத்தான் கதிரையோடு உள்ளே ஓடினார். கதிரை வேண்டாம் என்றுவிட்டார் அக்கா. கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை இழுத்துக்கொண்டிருந்தார். நோவு வரும்போது மேசையைப் பிடித்துக்கொள்வதும், விட்டதும் மறுபடி சீப்பை எடுப்பதுமாக.

வாசலில் மாமி குடையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"எடியே, கெதியா வாவன்! ஆசுப்பத்திரியிலை உன்ரை கொண்டையை ஆரடி பாக்கப் போகினம்?"

"பொறுங்கோ மாமி" என்றார் அக்கா உள்ளேயிருந்து. "கார் நிக்குந்தானே."

கார் நின்றது.